சுவிட்ச் இல்லாத சுவர்

உம்மு ஸல்மா கடைசியாகக் கேட்டது எள்ளுப் போடாத பணிஸ்.

மக்காவில் அவர்கள் தங்கியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடி. அஸர் தொழுகைக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. காலையில் கஃபாவைத் தவாபு சுற்றிவிட்டு வந்த களைப்பில் அவள் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். கணவர் ஹலீம் செருப்பைத் தேடும்போதே தொடங்கிவிட்டாள்.

"நேத்து வாங்கினதில முழுக்க எள்ளு. பல்லிடுக்கெல்லாம் எள்ளு. இண்டைக்கு வெறும் பணிஸாப் பாத்து வாங்குங்கோ."

"அரபிக்காரனுக்கு எள்ளு வேணாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"விரலால காட்டுங்கோ. தபால் கந்தோரில முப்பது வருசம் வாய் திறக்காமச் சம்பளம் எடுத்தனீங்கள்தானே."

அவர் சிரித்துக்கொண்டே கதவடிக்குப் போனபோது அவள் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். சார்ஜ் நாலு வீதம் இருந்தது. மகள் ஸஜானா வேலை முடிந்து மன்னாரில் வீட்டுக்கு வந்ததும், இந்த நேரத்தில்தான் கோல் எடுப்பாள். இதையும் ஒருக்காச் சொருகிவிட்டுப் போங்கோ என்றாள். ஹலீம் திரும்பி வந்து சொருகிவிட்டுப் போனார்.

கீழே பேக்கரிக் கடையில் எள்ளில்லாத பணிஸ் இருந்தது. விரலாலேயே காட்டி நாலு வாங்கினார். திரும்பி வரும்போது லிஃப்டை நிறைத்துக்கொண்டு துருக்கிக்காரர் கூட்டமொன்று ஏறியதால் காத்து நின்று, அடுத்த தடவை ஏறினார். எல்லாமாகப் பதினேழு நிமிடம். முதல் லிஃப்டில் ஏறியிருந்தால் பதின்மூன்று.

அறைக் கதவைத் திறந்தபோது குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுத்த ஈரக் கால்தடங்கள் குளியலறை வாசலில் தொடங்கி, கட்டிலைச் சுற்றி, சுவர்ப்பக்கம் போயிருந்தன. அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகத்தில் தண்ணீர் துடைக்கப்படாமல் இருந்தது. வலது கை சுவரை நோக்கி நீண்டிருந்தது. சார்ஜரின் தலை பாதி கழன்று, இரண்டு பித்தளைக் கால்களும் வெளியே தெரிய, சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

என்ன நடந்ததென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் கிடந்த காய்ந்த துவாயால் வயரைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். அவளைத் திருப்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்தார், திரும்ப நாடியைப் பிடித்தார். அந்த நேரம் முழுதும் அவருக்கு முன்னால் தரையில் அந்தக் கால்தடங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன. சுவரோரம் இருந்த கடைசித் தடம் மட்டும் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது.

பிறகு அவர் செய்ததைத்தான் ஒரு வருடமாக எவருக்கும் சொல்லவில்லை. சுவரில் இருந்த ஓட்டையிலிருந்து பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியை உருவித் தன் ஜுப்பாவின் பைக்குள் போட்டார். சார்ஜரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார். போனை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து நடைக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டார்.

அந்தக் குச்சி எப்படி அங்கே வந்தது என்பதற்கு முப்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களெல்லாம் மன்னாரை விட்டு எழும்பவேண்டி வந்தபோது அவர்கள் போய்ச் சேர்ந்தது கற்பிட்டிப் பக்கத்தில் ஓலைக் குடிசைகள் போட்ட முகாமுக்கு. அங்கே பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு பிளக் பொயின்ற் வந்தபோது ஒருவரிடமும் அதற்குப் பொருந்துகிற பிளக் இருக்கவில்லை. வயரின் நுனியை உரித்து, ஓட்டைக்குள் விட்டு, தென்னை ஈர்க்கை முறித்து இறுக்குவார்கள். மூன்று சதுர ஓட்டை வைத்த பொயின்ற்றில் கீழ் இரண்டும் பூட்டிக் கிடக்கும். மேல் ஓட்டைக்குள் ஈர்க்கை அழுத்தினால் அந்தப் பூட்டுத் திறக்கும். பிறகு உருண்டைக் கால் வைத்த இரண்டு முள்ளுச் சார்ஜரும் அதற்குள் இறங்கும். முழுக்க இறங்காது, பாதி நிற்கும். ஆனால் வேலை செய்யும். இந்த வித்தையில் ஹலீம்தான் கெட்டிக்காரர். முகாமில் அவரைக் 'கரண்ட் ஹலீம்' என்றார்கள். தபால் கந்தோரில் வேலை பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மன்னாரில் மூர்வீதிக்குத் திரும்பி வந்து, கல்வீடு கட்டி, அறைக்கறை பொயின்ற் வைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டு விளக்குமாற்றில் எப்போதும் இரண்டு ஈர்க்கு குட்டையாக இருக்கும். ஆனால் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் சுவிட்சை அணைக்கவேண்டும். பிறகுதான் கை வைக்கவேண்டும். உம்மு ஸல்மாவுக்கும் மகளுக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார். உம்மு ஸல்மா சார்ஜரைக் கழற்றும்போது பார்க்காமலே இடது கையால் சுவிட்சைத் தட்டிவிட்டு வலது கையால் இழுப்பாள்.

மக்காவில் அந்த அறைச் சுவரில் சுவிட்ச் இருக்கவில்லை. மூன்று ஓட்டை மட்டும், எந்நேரமும் கரண்ட் ஓடுகிறது. அவர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று தன்னையே ஏமாற்ற அவரால் முடியவில்லை. இங்கே சுவிட்சைக் காணோமே என்று வாய்க்குள் சொன்னதுகூட ஞாபகம் இருந்தது. கீழே கடை பூட்டிவிடும் என்ற அவசரத்தில், ஈர்க்குக்குப் பதிலாக ஹறம் பள்ளிவாசலுக்கு வெளியே வாங்கிய மிஸ்வாக் குச்சியை எடுத்து மேல் ஓட்டைக்குள் அழுத்தி, சார்ஜரைச் சொருகினார். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பயணத்துக்கு முதல் நடந்த வகுப்பில் குழுத் தலைவர் முனவ்வர் எல்லோருக்கும் சொல்லித்தான் இருந்தார், ஆளுக்கொரு அடப்டர் கொண்டுவாருங்கள் என்று. பின்வரிசையிலிருந்து ஹலீம் எழும்பி, பதினெட்டு வருசம் ஈர்க்கால காலம் தள்ளின எங்களுக்கு என்னத்துக்குத் தம்பி அடப்டர் என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்ததும் கேட்டது. அதில் உம்மு ஸல்மாவின் சிரிப்பு அவருக்குத் தனியாகத் தெரிந்தது.

வந்த டொக்டர் அவளுடைய பிரஷர் மாத்திரைகளைப் பார்த்தார், வயதைக் கேட்டார். இருதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். அடுத்த நாள் ஹறத்தில் ஜனாஸாத் தொழுகை. அவர் பார்த்திராத, பாஷை தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அவருக்குப் பின்னால் நின்று அவளுக்காகத் தொழுதார்கள். தொழுகைக்கு முதல் அவளைக் குளிப்பாட்டப் போன, குழுவில் கூட வந்த பாத்தும்மா வெளியே வந்து, அவவுக்கு விரலில சின்னதா ஒரு காயம் நானா, கேத்தல் சுட்டிருக்குப் போல என்றாள். அவர் ஓம் என்று தலையாட்டினார்.

அவளை அங்கேயே அடக்கினார்கள். ஊருக்கு வந்தது அவளுடைய பெட்டியும் போனும்தான்.

மூர்வீதி வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அழுகிறவர்கள் குறைவு. கையைப் பிடித்து, எவ்வளவு பெரிய நஸீபு நானா, வுழுவோட, மக்கா மண்ணில, இப்படி ஒரு மௌத்து ஆருக்குக் கிடைக்கும் என்றார்கள். சிலருடைய கண்ணில் உண்மையாகவே பொறாமை தெரிந்தது. ஹலீம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லப் பழகிக்கொண்டார். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வுழுவோடுதான் போனாள். அந்த வுழுவின் ஈரத்தோடுதான் போனாள்.

ஜுப்பாவின் பைக்குள் குச்சி கிடந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டார். நுனியில் அவர் கடித்த பல்லடையாளம் இருந்தது. மன்னார்ப் பாலத்தடிக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார். அது தாழவில்லை. கரையோரச் சிற்றலையில் அங்குமிங்கும் ஆடிக்கொண்டு அவர் காலடிப் பக்கமே வந்தது. அது எங்கே ஒதுங்குகிறதென்று பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பிளக்கையும் தொடவில்லை. அஸருக்கு வுழு எடுத்தால் கையைத் துவாயில் துடைத்து, சாரத்தில் துடைத்து, திரும்ப வெயிலில் பிடித்துக் காயவைத்துத்தான் பள்ளிக்குப் போவார். குளியலறையிலிருந்து ஆராவது ஈரக்காலோடு வெளியே வந்தால் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவார். சில பின்னேரங்களில் வீட்டுச் சீமெந்துத் தரையில் அந்தத் தடங்கள் தெரியும். குளியலறை வாசலில் தொடங்கும், சுவர்ப்பக்கம் போகும். குனிந்து கையால் தடவிப் பார்ப்பார். தரை காய்ந்துதான் இருக்கும்.

தன் போனில் சார்ஜ் இறங்கினால் பஸ் நிலையத்தடியில் போன் திருத்தும் சுபாஸின் கடைக்குக் கொண்டுபோவார். வீட்டில் கரண்ட் இல்லையா ஐயா என்று சுபாஸ் முதல் இரண்டு தடவை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, "வாங்கோ, உங்கட கதிரை சும்மாதான் கிடக்கு" என்று கையை நீட்டிப் போனை வாங்குவான். சொருகும்போது ஹலீம் வாசலைப் பார்ப்பார். வீதியில் கழுதைகள் காய்கறிக் கடை மட்டைப் பெட்டிகளை மென்றுகொண்டு நிற்கும்.

உம்மு ஸல்மாவின் போன் மக்காவிலேயே செத்துப்போய்விட்டது. அதை அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். ஸஜானா எத்தனையோ தரம் கேட்டாள். உம்மா எடுத்த படங்கள் இருக்கும் வாப்பா, அங்க இருந்து பேசி அனுப்பாம விட்டது ஏதும் இருக்கும், ஒருக்காச் சார்ஜில போடுவம். பிறகு பாப்பம் மகள், பிறகு பாப்பம் என்று கடத்திக்கொண்டே வந்தார்.

கடத்தியதற்குக் காரணம் இருந்தது. அன்று அந்தப் போனைக் கட்டிலில் வைக்கும்போது திரை ஒருதரம் வெளிச்சமானது. எடுக்கப்படாத அழைப்பு ஒன்று, மகள், மூன்று இருபத்தெட்டு. வுழு எடுத்துக்கொண்டிருந்தவளைச் சுவரடிக்குக் கூப்பிட்டது அந்த அழைப்புத்தான். ஈரக்கையோடு போனைப் பிடித்து, பார்க்காமலே இடது கையால் இல்லாத சுவிட்சைத் தட்டி, வலது கையால் சார்ஜரை இழுத்திருக்கிறாள். அவர் சொருகிய குச்சியைப் பற்றிச் சொன்னால் ஸஜானா அந்த அழைப்பைப் பற்றிக் கேட்பாள். அதைச் சொன்னால் பிள்ளை எப்படித் தாங்கும்? சொல்லாமல் விட்டால் தானொருவன் சுமப்பதோடு முடியும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

ஒரு வருடம் அப்படியே போனது. பிறகு ஸஜானாவும் அவள் புருசன் நிப்ராஸும் உம்ரா யாத்திரைக்குப் பெயர் கொடுத்தார்கள். உம்மாவின் கபுறடிக்குப் போய் ஒரு ஸலாம் சொல்லவேண்டும் என்றாள்.

முனவ்வர் அந்த முறையும் பள்ளி மண்டபத்தில் வகுப்பு வைத்தார். ஹலீமைக் கட்டாயம் வரவேண்டுமென்று கூப்பிட்டிருந்தார். இஹ்ராம் கட்டுவது, கூட்டத்தில் தவறினால் எங்கே நிற்பது எல்லாம் சொல்லி முடித்து, முனவ்வர் ஒரு பையிலிருந்து வயர்களை எடுத்து மேசையில் பரப்பினார். பவர்பாங்கைக் கையில் கொண்டுபோகிற பாக்கில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டால் விமான நிலையத்தில் பெட்டியை உடைத்தாவது எடுப்பார்கள் என்றார். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் நூறு தொடக்கம் இருநூற்று நாற்பது என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்றார். தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போடக்கூடாது. ஒரே பொயின்ற்றில் ஆறு பேர் தொங்கக்கூடாது. ரோமிங்கை மறக்காமல் நிற்பாட்டவேண்டும்.

"தலைமன்னார் இறங்குதுறையில நிண்டாலே உங்கட போன் இந்தியாவுக்கு நல்வரவு எண்டு சொல்லும். அதைக் கேட்டிட்டு நாங்களும் வெளிநாடு போய் வந்தம் எண்டு திரியிற ஆக்கள் இங்க இருக்கிறீங்க. உண்மையான வெளிநாட்டில காசு வெட்டுவான்."

மண்டபம் சிரித்தது. பிறகு முனவ்வர் குரலைத் தாழ்த்தி, போன வருடம் தம் குழுவுக்கு அல்லாஹ் கொடுத்த பாக்கியத்தைப் பற்றி ஹலீம் நானா இரண்டு வார்த்தை சொல்லுவார் என்றார்.

ஹலீம் எழும்பினார். மேசையில் வெள்ளை அடப்டர் ஒன்று அவருக்கு நேர் முன்னால் கிடந்தது. அதன் மூன்று கால்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் ஸஜானா இருக்கிறாள். அவளுக்காகத் துஆச் செய்யுங்கோ என்றார். உட்கார்ந்துவிட்டார். துக்கம் இன்னும் ஆறவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்காலைத் தட்டினார்.

பயணத்துக்கு முதல் நாள் பகல், சாப்பாட்டுக்குப் பிறகு, ஸஜானா கூடத்தில் பெட்டியைப் பரப்பி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிப்ராஸ் காசு மாற்றப் போயிருந்தான். ஹலீம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழும்பிப் போய் விளக்குமாற்றில் ஈர்க்கு ஒன்றை முறித்தாள். சுவிட்சை அணைத்தாள், ஈர்க்கை மேல் ஓட்டையில் அழுத்தினாள், இரண்டு முள்ளுச் சார்ஜரைச் சொருகினாள், சுவிட்சைப் போட்டாள். எல்லாம் அவர் பழக்கிய ஒழுங்கின்படி. பிறகு விளக்குமாற்றில் இன்னும் இரண்டு ஈர்க்கை முறித்து ரப்பர் வளையம் போட்டு, பெட்டியின் பக்கப் பைக்குள் வைத்தாள்.

"மக்காவில விளக்குமாறு தேடித் திரியேலாதுதானே வாப்பா" என்றாள்.

ஹலீமின் வாயிலிருந்து வந்த சத்தம் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அதை எடு."

"எதை?"

"அந்த ஈர்க்கை வெளியில எடு மகள்."

"அடப்டர் வாங்கிறன் எண்டு அவர் சொன்னவர், மறந்திட்டார். இது உங்கட வித்தைதானே?"

"என்ர வித்தைதான். அதாலதான் உன்ர உம்மா மௌத்தானவ."

அவள் கையில் மடித்த சால்வையோடு நின்றாள். அவர் சொல்லத் தொடங்கினார். ஒருதரம் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. எள்ளுப் பணிஸிலிருந்து சொன்னார். சுவரைச் சொன்னார், சுவிட்ச் இல்லாததைத் தான் கண்டதைச் சொன்னார், மிஸ்வாக்கைச் சொன்னார், பாத்தும்மா பார்த்த காயத்தைச் சொன்னார். ஆட்களைக் கூப்பிட முதல் குச்சியை உருவிப் பைக்குள் போட்டதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தார். அழைப்பைச் சொல்லவில்லை. ஈரக்கையோட சார்ஜரை இழுத்திருக்கிறா என்று முடித்தார்.

ஸஜானா சால்வையைப் பெட்டிக்குள் வைத்து, திரும்ப எடுத்து, திரும்ப வைத்தாள்.

"வுழு எடுத்துக்கொண்டிருந்தவ என்னத்துக்குப் போனை இழுக்கப்போனவ?"

அவர் சுவரில் இருந்த சார்ஜரைப் பார்த்தார்.

"நான் எடுத்ததாலதானே வாப்பா?"

இல்லையென்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஒரு வருடமாக இந்தச் சொல்லுக்காகத்தான் எல்லாவற்றையும் மறைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. "ஓம்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஸஜானா. "நான் எடுக்கேக்க மணி போச்சுது. உம்மா எடுக்கேல்ல. அரை மணித்தியாலத்தில நீங்க எடுத்து உம்மா மௌத்தெண்டு சொன்னீங்க. நான் எடுத்ததாலதான் அவசரப்பட்டு எழும்பி நெஞ்சு அடைச்சு விழுந்தா எண்டு இந்த ஒரு வருசமும் நினைச்சுக்கொண்டு கிடந்தன். ஆரிட்டயும் சொல்லேல்ல. அதுக்குத்தான் கபுறடிக்குப் போகவேணுமெண்டு நிண்டனான்."

அவர் சுமையைத் தான் ஒருவனே தூக்குகிறேன் என்று நினைத்திருந்தார். அதே வீட்டில், அதே மேசையில், எதிரே இருந்து அவளும் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"உனக்கு நோகக்கூடாதெண்டு நினைச்சன்."

"எனக்கோ, உங்களுக்கோ?"

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு சாமானின் விலையைக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு சுவரடிக்குப் போய்ச் சுவிட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஈர்க்கை உருவி எடுத்து, அவரைப் பார்க்காமலே அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். படலை திறந்தபடி கிடந்தது. அவர் எழும்பிச் சாத்தப் போகவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து வந்தவள் சின்னப் பெட்டியொன்றை அவர் மடியில் வைத்தாள். சுபாஸ் கடை அடப்டர். "இதில எப்பிடிச் சொருகிறது? பிழையாப் பழக்கினது நீங்கதானே. சரியானதையும் நீங்களே காட்டுங்கோ."

அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். திரும்பத் துடைத்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள், உதவவில்லை. சுவரடிக்குப் போய் அடப்டரின் மூன்று கால்களையும் ஓட்டைகளுக்கு நேரே பிடித்து அழுத்தினார். அது முழுக்க இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றது. பித்தளை ஒரு நூலளவும் வெளியே தெரியவில்லை. ஒரு சின்ன 'டக்' சத்தம். இவ்வளவுதான். இதற்கு அவருக்கு அன்று பத்து விநாடிகூடத் தேவைப்பட்டிருக்காது.

உம்மாட போன் எங்கே என்று கேட்டாள். அலுமாரியைக் காட்டினார். அவள் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இப்ப வேணாம் என்று சொல்லி எடுத்த இடத்திலேயே வைத்து அலுமாரியைச் சாத்தினாள்.

அடுத்த நாள் காலை அவர்கள் வானில் ஏறிக் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். ஏறும்போது ஸஜானா அவர் கையைப் பிடித்தாள். ஆனால் போன வருடம் அவரும் உம்மு ஸல்மாவும் புறப்பட்டபோது பிடித்ததுபோல அல்ல. அவள் மன்னித்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கிற தகுதி இருப்பதாகவும் தோன்றவில்லை.

வான் போன பிறகு ஹலீம் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் போன வருடத்து உம்ராக் குழுவைத் திறந்தார். பயணம் முடிந்தும் அதை எவரும் கலைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் துஆவும் பூப்படமும் வந்துகொண்டிருக்கும். அவர் அதில் ஒரு வருடமாக ஒன்றும் எழுதியதில்லை. கந்தோரில் கடிதம் எழுதிப் பழகிய ஆள். வாக்கியத்தை ஒழுங்காகத் தொடங்கினார்.

'எனது மனைவி உம்மு ஸல்மா நெஞ்சுவருத்தத்தால் மௌத்தாகவில்லை. சுவிட்ச் இல்லாத பொயின்ற்றில் நான் குச்சி விட்டுச் சொருகிய சார்ஜரை ஈரக்கையால் தொட்டதால் மௌத்தானார். இதை நான் மறைத்தேன். குச்சி விடுகிற பழக்கத்தை நம்மில் பலருக்குப் பழக்கியதும் நான்தான். யாரும் இனி அதைச் செய்யவேண்டாம், வீட்டிலும் வேண்டாம். அங்கே போகிறவர்கள் அடப்டர் கொண்டுபோங்கள். கை காய்ந்த பிறகு மட்டும் தொடுங்கள். என்னை மன்னித்து, அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.'

அனுப்பினார்.

முதலில் முனவ்வர்தான் கோல் எடுத்தார். "மௌத்தான இடத்தின்ட சிறப்பில மாற்றமில்ல நானா. ஆனா இதைக் குழுவில போடத்தான் வேணுமா? சனம் என்னென்னவோ கதைக்கும்."

"கதைக்கட்டும் தம்பி. நீங்க வானுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கும் இதை வாசிச்சுக் காட்டுங்கோ."

முனவ்வர் பெருமூச்சு விட்டார். புத்தளத்தில் சாப்பாட்டுக்கு நிற்பாட்டும்போது வாசிக்கிறேன் என்றார். வாசித்ததாக நிப்ராஸ் பிறகு சொன்னான். மூன்று பேர் தங்கள் பாக்கிலிருந்து ஈர்க்கை எடுத்துக் கடை வாசலில் போட்டார்களாம்.

பகல் முழுக்கக் குழுவில் பதில் வந்தது. சிலர் அழுகிற முகம் போட்டார்கள். சிலர் இன்னா லில்லாஹி எழுதினார்கள். பாத்தும்மா, நான் அந்த விரலைக் கண்டனான், எனக்கு அண்டைக்கே மனம் சொன்னது என்று குரலில் அனுப்பியிருந்தாள். ஒருவர் மட்டும் கடுமையாக எழுதினார். அதை ஹலீம் இரண்டு தரம் வாசித்தார். அது நியாயம் என்றுதான் பட்டது.

பின்னேரம் சுபாஸின் கடைக்குப் போனார், சார்ஜ் போட அல்ல. தான் அனுப்பியதன் கீழே ஒரு சரி அடையாளம்தான் விழுந்திருக்கிறது, இவ்வளவு பேர் வாசித்துப் பதில் போட்டும் ஏன் இரண்டாவது விழவில்லை என்று கேட்டார். சுபாஸ் வாங்கிப் பார்த்தான்.

"குழுவெண்டால் அப்பிடித்தான் ஐயா. எல்லாற்ற போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் ரெண்டு விழும். ஆரோ ஒராள் போனை நிப்பாட்டி வச்சிருக்கிறார்."

ஹலீம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து ஸஜானா மக்காவிலிருந்து எடுத்தாள். உம்மாவை அடக்கிய மையவாடிப் பக்கம் போனதாகவும், பெண்களை உள்ளே விடவில்லை, நிப்ராஸ் போய் ஸலாம் சொன்னதாகவும், தான் மதிலுக்கு வெளியே நின்று சொன்னதாகவும் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அவர் குழுவைத் திறந்து பார்த்தார். முப்பத்திரண்டு பேர், உம்மு ஸல்மாவும் அதில் ஒருத்தி. அவருடைய செய்தியின் கீழே ஒரு சரி அடையாளம்தான் இருந்தது.